கற்றவர் மீண்டும் கற்றல்: வன்னித் தாய்மாரும் மருத்துவக் கல்வியும்

1847ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. அவ்வாண்டு மே மாதத்தில், வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர், பிரசவ விடுதிக்குள் நுழைவோர் யாவரும் குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே நுழையவேண்டும் என விதித்தார். அதே ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருத்தல் அரிது. ஆயினும், கற்றவரே மீண்டும் கற்கவேண்டும் என்ற உண்மையையும், அக்கல்வி மக்கள் மொழியில் நிகழவேண்டும் என்ற உண்மையையும் முறையே இவ்விருவர் வரலாறும் நமக்கு உணர்த்துகின்றன. வன்னிப் பெருநிலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் தாய்மாருக்கு இவ்விரு உண்மைகளும் உயிரோடு சம்பந்தப்பட்டவை. மகப்பேறு, கருத்தடை, பாலியல் நலம் ஆகிய துறைகளில் மருத்துவருக்கும் தாதியருக்கும் தொடர்ந்து கல்வி அளிக்கவேண்டும் என்று இன்று பேசப்படுகிறது. இது புதிய கோரிக்கை அன்று; நெடிய வரலாறு உடையது. அந்த வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

வியன்னாவில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பேறு பார்த்தனர். மற்றதில் மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் மருத்துவர் விடுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். மருத்துவிச்சிகளின் விடுதியிலோ நூற்றுக்கு மூவர்கூட மாளவில்லை. படிப்பு மிகுந்த இடத்தில் சாவு மிகுந்திருந்ததன் காரணம் யாது? பிணவறையில் உடல்களை அறுத்துச் சோதித்த கையோடு மாணவர்கள் பிரசவ விடுதிக்கு வந்தனர். நஞ்சு அவர்கள் கைகளிலேயே வந்தது. கைகழுவும் விதி நடைமுறைக்கு வந்தபின், 1848இல் இரு விடுதிகளிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டிய அளவில் சமநிலை எய்தியது.

இத்துணை வெளிப்படையான சான்று கிடைத்தும் ஐரோப்பிய மருத்துவ உலகம் அதனை ஏற்க மறுத்தது. கனவான்களின் கைகள் அழுக்குடையவை என்பதைப் பேராசிரியர்கள் ஒப்பவில்லை. செம்மல்வைஸ் வியன்னாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1861இல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். 1865இல் மனநோயாளர் விடுதியொன்றில் மாண்டார். அவர் இறந்தபின்னரே பாஸ்டர், லிஸ்டர் முதலியோரின் ஆராய்ச்சியால் கிருமிக் கொள்கை நிலைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாண்ட தாய்மாரின் கணக்கை யார் அறிவார்? அவர்கள் அறிவு பிறக்காமையால் மாளவில்லை. பிறந்த அறிவு பரவாமையால் மாண்டனர். தொடர் கல்வி என்ற சொல்லின் முழுப்பொருளும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய கிறீன், நம்மவரைக்கொண்டே நம்மவருக்கு மருத்துவம் செய்விக்கவேண்டும் என்று எண்ணி மாணவரைச் சேர்த்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, உடலியல், சத்திர வைத்தியம், இரசாயனம் எனத் துறைதோறும் மேலைநூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின. அவற்றுள் முற்பட்டவற்றில் ஒன்று மகப்பேறு பற்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மோன்செல் என்பாரின் நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் வெளியாயிற்று. கொழும்பு மருத்துவக் கல்லூரி பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே யாழ்ப்பாணத் தமிழில் மகப்பேற்று நூல் இருந்தது. தமிழில் அறிவியல் கூறமுடியுமா என்று இன்றும் கேட்போருக்கு இதைவிடத் தக்க விடை வேண்டியதில்லை.

எனினும், போற்றுவதோடு நின்றுவிடுவது வரலாற்று மாணவருக்கு அழகன்று. இம்முயற்சியின் குறைகள் மூன்றனையும் எடுத்துக்காட்டல் வேண்டும்.

முதலாவது, கிறீனிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோர் ஆண்கள். பேறு பார்த்தவரோ பெண்கள். பிரசவ வைத்தியம் நூலாகித் தமிழில் வந்தபோதும், அதனைக் கையாளவேண்டிய மருத்துவிச்சி எழுத்தறியாதவளாகவே இருந்தாள். இரண்டாவது, நூல் ஒருமுறை வந்தது, புதுப்பிக்கப்படவில்லை. 1857இல் அச்சேறிய மகப்பேற்று நூல் எதுவாயினும், லிஸ்டர் 1867இல் தம் முடிவுகளை வெளியிட்டபின் திருத்தப்படவேண்டியதாயிற்று. மருத்துவ நூல் காவியம் போன்றதன்று. அதற்கு மூப்பு உண்டு. மூன்றாவது, 1873இல் கிறீன் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தார். தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சியும் தளர்ந்து மறைந்தது. 1870இல் கொழும்பில் அரசு தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசாங்க உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. தமிழின் வலிமையின்மையால் இம்முயற்சி வீழவில்லை. குடியேற்ற ஆட்சியின் பொருளியல் அமைப்பே அதனை வீழ்த்தியது.

அக்காலத்தில் வன்னியின் நிலை யாதாக இருந்தது? குளங்கள் உடைந்து, வயல்கள் காடாகி, மலைக்காய்ச்சல் குடிகொண்ட நிலம் அது. ஆங்கிலேய அதிகாரி லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், நோயாலும் வறுமையாலும் தேய்ந்துகொண்டிருந்த சிற்றூர்களைக் காட்டுகிறது. காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் மக்களை அரித்தன. காய்ச்சலால் குருதி வற்றிய பெண் கருவுற்றால், பேற்றின்போது சிறிது குருதி இழப்பினும் அவளுக்கு அது மரணமாயிற்று. இத்தகைய ஊர்களில் தாய்க்குத் துணை மருத்துவிச்சி ஒருத்தியே. பேறும் குருதியும் துடக்கு எனக் கருதப்பட்ட சமூகத்தில், அத்துடக்கைத் தொடும் பணி தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள்மேல் சுமத்தப்பட்டது. உயிரைக் காத்த கைகளைத் தீண்டத்தகாத கைகள் என்று ஒதுக்கிய சமூகம், அக்கைகளுக்குக் கல்வி அளிக்க எண்ணாததில் வியப்பில்லை. மருத்துவிச்சியின் அறியாமையை எள்ளுவோர் பலர். அவ்வறியாமையை உண்டாக்கிய சமூக அமைப்பை விசாரிப்போர் சிலரே.

பெண்களுக்கெனப் பெண்களே நடத்திய மருத்துவமனை 1898இல் யாழ்ப்பாணத்து இணுவிலில் எழுந்தது. லீச் சகோதரிகள் எனப்பட்ட அமெரிக்கப் பெண்கள் இருவரின் முயற்சியால் தோன்றிய மக்லியொட் மருத்துவமனை அது. பெண் மருத்துவர்கள் அங்குப் பணிபுரிந்தனர். தமிழ்ப் பெண்கள் தாதியராகப் பயிற்றப்பட்டனர். மருத்துவ அறிவு முதன்முறையாகப் பெண் கைக்குப் பெண் கையால் மாறியது எனலாம். ஆயினும் வன்னித் தாய்க்கு இணுவில் எட்டாத்தொலைவு. வடக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதே 1905இல்தான். அதன் பின்னரும், பாதையிலிருந்து பல மைல் உள்ளே காட்டோரத்தில் வாழ்ந்தவளுக்கு மாட்டுவண்டியே கதி.

இலங்கைத் தாய்மாரின் வாழ்வில் உண்மையான திருப்பம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நேர்ந்தது. கொழும்பில் 1879இல் டி சொய்சா பிரசவ மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. எனினும் ஊர்ப்புறத்தை அது நேரடியாக எட்டவில்லை. 1926இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரின்கீழ், குறிப்பிட்ட எல்லைக்குட்பட்ட வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவமாது தானே நடந்து செல்லும் முறை அங்கு உருவாயிற்று. 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரின் பதிவுக்கு வகைசெய்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குப் பெற்ற ஊர்ப்புற மக்களுக்கு விடைசொல்லும் கடமை அரசியலாருக்கு ஏற்பட்டது. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. ஊர்ப்புறச் சுகாதாரத்தை இனியும் புறக்கணித்தல் இயலாது என்பது தெளிவாயிற்று.

இதன் பயனை எண்கள் கூறும். 1930களின் நடுவில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1950களின் தொடக்கத்தில் அது 500–600 அளவுக்கும், 1960 அளவில் 300க்கும் இறங்கியது. அண்மைக் காலத்தில் 30–40 என்ற எல்லையில் நிற்கிறது. செல்வம் மிகுந்த நாடுகள் பல நூறாண்டில் எய்தியதை ஏழை நாடொன்று இரு தலைமுறையில் எய்தியது. இதற்கு மலேரியா ஒழிப்பும், இலவச மருத்துவமும், இலவசக் கல்வியும், பெண்ணின் எழுத்தறிவும் காரணங்கள். அவற்றோடு, அதிகம் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. மருத்துவமாது ஒருமுறை பயின்று தனித்து விடப்படவில்லை. மாதந்தோறும் அவள் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் ஏனையோருடன் கூடினாள், தன் பதிவேடுகளைக் காட்டினாள், வினவப்பட்டாள், புதியதைக் கேட்டறிந்தாள். பிற்காலத்தில் ஒவ்வொரு தாய்மரணமும் ஆராயப்படும் முறையும் நிலைபெற்றது. தாய் ஏன் மாண்டாள், யார் எப்போது என்ன செய்தார், எது தவறியது என்று ஒருங்கே அமர்ந்து ஆராய்வதைவிடச் சிறந்த மருத்துவ வகுப்பு வேறில்லை. பழிகாணும் நோக்கமின்றி நடக்கும்போது அது கல்வி. தண்டிக்கும் நோக்கோடு நடக்கும்போது அது பொய்யறிக்கைகளின் பிறப்பிடம்.

மகப்பேற்றோடு நின்ற இக்கல்வி, மகப்பேறு வேண்டாமென்னும் பெண்ணின் உரிமைக்கும் இடங்கொடுக்கவேண்டியிருந்தது. கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பில் வாழ்ந்த மருத்துவர் மேரி இரத்தினம் இவ்வகையில் முன்னோடி. பள்ளிகளுக்குச் சுகாதாரக் கைந்நூல்கள் எழுதியவர். பெண்கள் வாக்குரிமைக்கு உழைத்தவர். 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவியவர். பழமைவாதிகளின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது 1930களிலேயே குடும்பத் திட்ட நிலையத்தைத் தொடங்கியவர். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் அமைந்தது. சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் மருத்துவர் அதன் மருத்துவப் பணியில் முன்னின்றார். 1958இல் சுவீடன் அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1960களின் நடுவில் குடும்பத் திட்டம் தாய்சேய் நலப் பணியோடு இணைந்து அரசின் பொறுப்பாயிற்று. ஊர் மருத்துவமாது இப்போது பேறும் பார்த்தாள். பேற்றைத் தள்ளிப்போடும் வழியும் சொன்னாள். ஒரே கையில் இரண்டு அதிகாரங்கள் சேர்ந்தன. அதிகாரம் சேருமிடத்தில் அறமும் கற்பிக்கப்படவேண்டும். கற்பிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஆளாயினர். இலக்கத்தை எட்டாத ஊழியர் தண்டிக்கப்பட்டனர். இலக்கத்தை எட்டுவதற்காக ஏழைகள் இழுத்துவரப்பட்டனர். இலங்கையிலும் 1980களில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர்க்குப் பணம் வழங்கப்பட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கு அப்பணமே வற்புறுத்தலாக அமைந்தது என்ற கண்டனம் எழுந்தது. பசித்தவளுக்கு நீட்டப்படும் பணம் தெரிவுச் சுதந்திரம் ஆகாது. 1994இல் கெய்ரோவில் கூடிய உலக மக்கட்டொகை மாநாடு, இலக்கங்களைக் கைவிட்டுப் பெண்ணின் உரிமையையும் நலத்தையும் மையமாகக் கொள்ளவேண்டும் என்று தீர்மானித்தது. 1998இல் இலங்கையும் மக்கட்டொகை, இனப்பெருக்க நலம் பற்றிய கொள்கையொன்றை ஏற்றது. தீர்மானங்கள் தாளில் ஏறின. அவை ஊர் மருத்துவமாதின் கைக்கும் நாவுக்கும் இறங்குவதற்கு மீண்டும் கல்வி வேண்டியிருந்தது.

வன்னியில் அக்கல்விக்கு நேர்ந்த கதி வேறு. 1970களில் வவுனியாவில் மருத்துவர் இராசசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் காந்தியம் இயக்கத்தை வளர்த்தனர். இனக்கலவரங்களால் துரத்தப்பட்டு வந்த மலையக மக்கள் வன்னி எல்லையில் குடியமர்த்தப்பட்டனர், பாலர் பள்ளிகள் நடந்தன, ஊர்ப்பெண்கள் பயிற்றப்பட்டனர். இராசசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் படுகொலை செய்யப்பட்டார். 1990 முதல் போரும் பொருட்தடையும் வன்னியை மூடின. 1996இல் கிளிநொச்சி வீழ்ந்தபோது நகர மருத்துவமனை அக்கராயன்குளத்துக்கு இடம்பெயர்ந்தது. ஏ-9 நெடுஞ்சாலை 2002இல் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடிற்று. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் ஊழியரும் வெளிநாட்டு உதவி நிறுவனத்தாரும் அரசின் கட்டளைப்படி வெளியேறினர். அதன்பின் மருத்துவமனைகள் தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தன. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது மீண்டும் மீண்டும் எறிகணைகள் வீழ்ந்தன. நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது.

அந்த மாதங்களிலும் குழந்தைகள் பிறந்தன. பதுங்குகுழியிலும் கூடாரத்திலும் பேறு பார்த்த தாதியரும் மருத்துவமாதரும் வரலாற்றில் பெயர் பெறாதவர்கள். அவர்களின் உறுதியை வியப்பது நம் கடமை. எனினும், தியாகம் கல்விக்கு மாற்றாகாது. அதே ஆண்டுகளில் உலக மருத்துவம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு நேரும் வலிப்பு நோய்க்கு மகனீசியம் சல்பேற்று ஏனைய மருந்துகளினும் சிறந்தது என்பதை 1995இல் பன்னாட்டு ஆய்வொன்று நிறுவியது. வலிப்பு வருமுன் காக்கும் ஆற்றலும் அதற்குண்டு என்பதை 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002இல் காட்டியது. மலிவான உப்பு அது. ஆனால் அளவு தவறினால் மூச்சை நிறுத்திவிடும். ஆகவே அதனைக் கொடுக்கும் தாதி முழங்கால் அனிச்சையையும் மூச்சையும் சிறுநீரளவையும் கவனிக்கப் பயிலவேண்டும். மருந்து வண்டியில் வந்துவிடும். பயிற்சி வண்டியில் வராது. பாதை மூடிய நாட்டுக்கு இரண்டும் வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1985இல் இருபத்தைந்து வயதில் பணியேற்ற தாதி ஒருவர் 2020இல் அறுபதாம் வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பணியேற்றபோது எச்.ஐ.வி. தொற்று இலங்கையில் அறியப்பட்டிருக்கவில்லை; தொற்றுக்குள்ளான முதலாவது இலங்கையர் அறியப்பட்டது 1987இல். அவர் ஓய்வு பெறுமுன், 2019இல், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. பேற்றின்போது யோனிவாயிலை வழக்கமாகவே வெட்டவேண்டும் என்பது அவர் கற்ற காலத்துப் பரவலான முறை. தேவைப்படும் இடத்தன்றி வெட்டலாகாது என்பது பின்வந்த அறிவு. தொப்புட்கொடியை உடனே அறுத்தல் பழைய முறை. சற்றுப் பொறுத்து அறுப்பின் குழந்தைக்குக் குருதி கூடும் என்பது புதிய அறிவு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017இல் பள்ளிச் சிறுமியருக்கு வழங்கப்படலாயிற்று. வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணை வினவி உதவுவதற்கென அரசு மருத்துவமனைகளில் நட்பு நிலையங்கள் தோன்றியதும் இக்காலத்திலேயே. இந்த முப்பத்தைந்து ஆண்டுகளுள் பெரும்பகுதி வன்னிக்குப் போர்க்காலம். பணியேற்ற நாளில் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு இத்தாதி ஓய்வு நாள்வரை பணிசெய்தால், குற்றம் அவருடையதா, கற்பிக்கத் தவறிய அமைப்பினுடையதா?

தொடர் கல்வி என்பது புதிய மருந்துகளின் பட்டியல் மட்டுமன்று என்பதை 2013ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள், கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கரையோர ஊர்களின் தாய்மார் குழந்தைகளின் நலப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்டு, தோலின்கீழ்ப் பதிக்கும் கருத்தடைக் குச்சிகளை ஏற்குமாறு வற்புறுத்தப்பட்டனர் என்று சமூகச் செயற்பாட்டாளர் அறிக்கையொன்று குற்றஞ்சாட்டியது. மறுத்தால் பின்னர் மருத்துவ உதவி கிடைக்காது என்று அச்சுறுத்தப்பட்டதாகவும் தாய்மார் கூறியதாக அவ்வறிக்கை சொல்லிற்று. அந்தக் கருவி தன்னளவில் தீயதன்று. உலகெங்கும் பெண்கள் விரும்பி ஏற்கும் நல்ல முறைகளுள் ஒன்று. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் பிள்ளைகளையும் உற்றாரையும் இழந்த சமூகத்தில், சீருடையும் அதிகாரமும் சூழ்ந்த நிலத்தில், 'சம்மதம்' என்ற சொல்லின் பொருள் என்ன? விளக்கம் பெறாத சம்மதம் சம்மதம் அன்று. மறுக்க அஞ்சுபவளின் சம்மதமும் சம்மதம் அன்று. குச்சியைப் பதிக்கும் முறையை ஒரு நாளிற் கற்பித்துவிடலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் பெண்ணை மதிக்கும் முறையைக் கற்பிப்பதற்கு வரலாறும் சட்டமும் மனிதப் பண்பும் சேர்ந்த பாடம் வேண்டும். அப்பாடம் இல்லாத மருத்துவக் கல்வி, கருவிகள் பெருகப் பெருக ஆபத்தும் பெருகும் கல்வியாகும்.

மௌனத்தால் மூடப்பட்ட பகுதிகளும் உள. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்புச் செய்தல் குற்றம் என்று 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை விதித்தது. அவ்விதி இன்றும் நிற்கிறது. சட்டம் கருக்கலைப்பை ஒழிக்கவில்லை; மறைவிடத்துக்குத் துரத்தியது. மறைவிடத்தில் சிதைவுற்றுக் குருதியொழுக வரும் பெண்ணைக் குற்றவாளியாக நோக்குவதா, நோயாளியாக நோக்குவதா என்பதைத் தாதி அந்தக் கணத்தில் முடிவுசெய்யவேண்டியிருக்கிறது. முதலில் உயிர், பின்னரே ஏனையவை என்பது அவளுக்குத் திரும்பத் திரும்பக் கற்பிக்கப்படவேண்டிய பாடம். போர்க்காலத்தில் ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பதினாறு பதினேழு வயதில் மணமுடிக்கப்பட்ட சிறுமியர் பலர். போர் தந்த விதவைகள் பலர். அவர்களுக்குப் பாலியல் நலம் பற்றிய ஐயங்கள் இல்லையா? கேட்டால் பழி வரும் என்றஞ்சிக் கேளாதிருப்போரிடம், கேளாமலே சொல்லும் பக்குவம் மருத்துவத்தாருக்கு வேண்டும்.

2024 மே மாதத்தில், நெதர்லாந்து நாட்டின் உதவியோடு, கிளிநொச்சி மாவட்ட மருத்துவமனையில் பெண்கள் நலத்துக்கான சிறப்பு நிலையமொன்று திறந்துவைக்கப்பட்டது. போரில் இடிந்த மண்ணில் இத்தகைய கட்டடம் எழுந்தமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கட்டடம் தானே பேறு பார்ப்பதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுச் சென்றுகொண்டிருக்கும் காலம் இது. எஞ்சியிருப்போர் இரட்டிப்பு வேலை செய்கின்றனர். அவர்களைக் கற்கச் சொல்லுமுன், கற்பதற்கு நேரம் கொடுக்கவேண்டும். விடுமுறை நாளில், சொந்தச் செலவில், தலைநகருக்குச் சென்று கற்றுவா என்பது கல்வியன்று, தண்டனை.

ஆகவே நாம் கோருவன யாவை? பயிற்சி வன்னிக்கு வரவேண்டும். மாங்குளத்துத் தாதி கொழும்புக்கு அலையலாகாது. குருதிப்பெருக்கும் வலிப்பும் நேரும்போது யார் எதைச் செய்வது என்பதை மருத்துவர், தாதி, மருத்துவமாது, சிற்றூழியர் அனைவரும் ஒரே அறையில் கூடி ஒத்திகை பார்க்கவேண்டும். ஏனெனில் அவர்கள் தனித்தனியே கற்கின்றனர், தாயின் முன் ஒன்றாக நிற்கின்றனர். சம்மதமும் இரகசியம் காத்தலும் வன்முறைக்கு ஆளானோரை நடத்தும் முறையும் ஒவ்வொரு வகுப்பிலும் இடம்பெறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பிக்கும் மொழி தமிழாகவும் இருக்கவேண்டும். மருத்துவர் ஆங்கிலத்தில் கற்கிறார்; மருத்துவமாது தமிழில் பயில்கிறாள்; தாய் வன்னிப் பேச்சுத்தமிழில் தன் நோவைச் சொல்கிறாள். இம்மூன்று மொழிகளுக்கும் இடையே வழுக்கி வீழ்வது உயிர். 1857இல் மானிப்பாயில் முடிந்தது இன்று முடியாதென்று எவர் சொல்வார்? அன்று நூல் ஒருமுறை எழுதப்பட்டு நின்றுபோனது. இனி அது ஆண்டுதோறும் திருத்தப்படவேண்டும். தமிழ்த்துறையும் மருத்துவத்துறையும் ஒருசேர அமர்ந்து செய்யவேண்டிய பணி அது.

இப்பணியில் ஆசிரியரும் மாணவரும் வெறும் பார்வையாளர் அல்லர். தாதிப் பயிற்சிக்குச் செல்லும் பெண்ணும், அவளிடம் பேறு பார்க்கப்போகும் தாயும், 'வேண்டாம்' என்ற சொல்லை மதிக்கவேண்டிய கணவனும் நம் வகுப்பறைகளிலிருந்தே செல்கின்றனர். சுகாதாரப் பாடநூலில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வரும்போது 'வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்து செல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. வீட்டில் அதனை விளக்குவார் யார்? பதினைந்து வயதில் மறைக்கப்பட்ட அறிவு முப்பது வயதில் மருத்துவமனை வாயிலில் நாணமாகவும் அச்சமாகவும் நிற்கிறது.

வியன்னாவின் பேராசிரியர்கள் தங்கள் கைகளைக் கழுவ மறுத்தமைக்குக் காரணம் அறிவின்மை அன்று. கற்றுமுடித்துவிட்டோம் என்ற செருக்கு. வன்னியின் மருத்துவமாதருக்கு அச்செருக்கு இல்லை. கற்கும் விருப்பம் அவர்களிடம் உண்டு. வாய்ப்பே மறுக்கப்பட்டு வந்தது. அவ்வாய்ப்பைக் கோருதல் மருத்துவத்தாரின் தொழிற்சங்க விவகாரம் மட்டுமன்று. அது ஒவ்வொரு தாயின் உரிமை. அவ்வுரிமைக்காகக் குரல் கொடுத்தல் கற்றோர் அனைவரின் கடமை.